ஹீற்றருக்குப் பின்னால் நின்ற மீன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கோ அப்பா என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வசனம் முடிக்க முதலே நீ அடுத்ததைத் தொடங்கிவிடுவாய், எனக்குக் கோபம் வரும், அம்மா ரிசீவரை வாங்கி இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது சொல்லி வைத்துவிடுவார். கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் கேள்விகள் கிடக்கின்றன. அதனால் எழுதுகிறேன். கேள்வி சின்னது: அடுத்த மாதம் உன் கலியாணம் முடிந்ததும் நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்றை விட்டுவிட்டு, நீயும் வதனியும் மார்க்கம் நகரில் வாங்கியிருக்கும் வீட்டின் பேஸ்மென்றுக்கு, அந்த நிலக்கீழ்த் தளத்துக்கு, நானும் அம்மாவும் வருகிறோமா, இல்லையா. பதிலைத் தேடிக் கடைசித் தாளைப் புரட்டாதே. எனக்குத் தெரிந்த வழியாகத்தான் நான் சொல்லுவேன். எனக்குத் தெரிந்த வழி மீன்தொட்டி.

இதைப் படித்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும். போன மாதம் வதனியின் தாய் தகப்பன் வீட்டில் சாப்பிடும்போது நீ என்ன சொன்னாய்? "அப்பா மீனுக்கெல்லாம் பொருத்தம் பாப்பார். எனக்குத்தான் பாக்க நேரம் கிடைக்கேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். நானும் பற்களைக் காட்டினேன். எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது உண்மையல்ல. நீ என்னிடம் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாய், பிடித்தது, முடிவெடுத்தாய், பிறகு வந்து அறிவித்தாய். வதனி நல்ல பிள்ளை. நானே தேடியிருந்தாலும் இதைவிட நல்ல பிள்ளையைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் விட்டது விட்டதுதான். அதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதத்தில் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தொட்டி வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது யூனிவர்சிற்றியில் இருந்தாய். எட்டாம் மாடியில் இருந்த ஒருவர் வீடு மாறிப் போகும்போது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியைக் குப்பை அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கடை வண்டில் ஒன்றில் ஏற்றி லிஃப்டில் கொண்டுவந்தேன். "உது என்ன கோதாரி? இருக்க இடமில்லாத வீட்டிலை இதை எங்கை வைக்கிறது?" என்று அம்மா கத்தினார். வைத்தேன். இரண்டு கிழமை தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்த்தேன். பிறகு கடைக்குப் போய், ஆபிரிக்க ஏரி ஒன்றிலிருந்து வந்த சிக்லிட் என்ற சாதியில் ஆறு குஞ்சுகள் வாங்கினேன். மூன்று மஞ்சள், மூன்று நீலம். ஒவ்வொன்றும் என் சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கடைக்காரப் பொடியன் எல்லாம் ஒன்றாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றான். குஞ்சாக இருக்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். எட்டு மாதத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினொரு மணிநேரம் நின்றுவிட்டு வந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள். சிக்லிட் குஞ்சோடு விடுகிற மீன் அதன் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். இன்றைய அளவு அல்ல, இரண்டும் வளர்ந்து முடிந்தபின் இருக்கப்போகும் அளவு. வால் நீண்ட மீன், நடை மெதுவான மீன் கூடாது. அதன் வாலைக் கடித்தே கொன்றுவிடும். ஒரே நிறம், ஒரே உடம்பு வாகு உள்ள இன்னொரு சாதியும் கூடாது. தன்னைப்போல் இருப்பவனோடுதான் அது அதிகம் சண்டை பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துவர வேண்டும். ஒன்று கல்லுக்குள் இருந்தால் மற்றது மேலே வேகமாக ஓடுகிறதாக இருக்கட்டும், அல்லது அடியில் தோல் தடித்த சின்னக் கெளிறாக இருக்கட்டும். அப்போது ஒருவர் கால் ஒருவர் மேல் படாது.

இவ்வளவும் தெரிந்தபிறகுதான் நான் பெரிய பிழை விட்டேன். படிக்காததால் வந்த பிழை என்றால் மன்னிக்கலாம். இது நாங்கள் யாழ்ப்பாணத்தார் என்பதால் வந்த பிழை. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள் அல்லவா? முன்னர் வருகிறவர்கள் அப்பிள் கொண்டுவருவார்கள், பிஸ்கற் ரின் கொண்டுவருவார்கள். வரவேற்பறையில் தொட்டி வந்ததும் எல்லோருக்கும் யோசிக்கிற வேலை மிச்சமாகிவிட்டது. மீன் கொண்டுவரத் தொடங்கினார்கள். முதல் ஆள் அம்மாவின் தம்பி, ஒஷாவா நகரில் இருக்கும் உன் மாமா. மாசி மாதக் குளிரில், பொலித்தீன் பை ஒன்றைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி கதவடியில் நின்றார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு தங்கமீன், விசிறி மாதிரி வால்.

"அத்தான், பஸ்ஸிலை எல்லாரும் என்னைத்தான் பாத்தவங்கள். நெஞ்சுவலிக்காரன் எண்டு நினைச்சிருப்பாங்கள்."

"உது இந்தத் தொட்டிக்குச் சரிவராதடா."

"ஏன் சரிவராது? பாவம், தனிச் சீவன். ஒரு மூலையிலை கிடக்கும். விடுங்கோ அத்தான், நான் பாக்கவேணும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பொருள் கொண்டுவந்த மனிதனின் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? விட்டேன். அடுத்த மாதம் மாமா வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல், "எங்கையத்தான் என்ரை மீன்?" என்று கண்ணாடியில் மூக்கை வைத்தார். அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதையில்லை. அப்படியே இன்னொரு வீட்டார் ஏஞ்சல் மீன் இரண்டு கொண்டுவந்தார்கள், வேறொருவர் கப்பி என்ற சின்ன மீன்கள் கொண்டுவந்தார். கப்பிகள் மூன்று நாளில் காணாமற்போயின. கேட்டவர்களுக்குக் கல்லுக்குள் நிற்கின்றன என்று அம்மா சொன்னார். ஒரு தொட்டிக்குப் பொறுப்பாக இருந்த மனிதன், தன் தொட்டியில் யார் இருப்பது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தங்கமீன் சாகவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. தொட்டியின் வலது மூலையில், தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர் குழாய்க்குப் பின்னால் எப்போதும் நிற்கும். வருகிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்லுவேன்: "அதுக்குச் சூடு பிடிக்கும். நல்ல இடமாப் பாத்து எடுத்திருக்கு, கெட்டிக்கார மீன்." ஆறு மாதம் இப்படிச் சொன்னேன். தங்கமீன் குளிர்தண்ணீர்ச் சாதி என்பது என் புத்தகத்திலேயே இருந்தது. ஒருநாள் விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். வாலில் பாதி இல்லை. உடம்பின் ஒரு பக்கம் குழாயில் பட்டுத் தோல் வெளுத்திருந்தது. அது சூட்டுக்காக நிற்கவில்லை தம்பி. மற்றவை வரமுடியாத ஒரே இடம் அதுதான். சுடுகிற இடத்தில் நின்றால்தான் கடிக்கமாட்டார்கள் என்று அது கண்டுபிடித்திருந்தது. நானோ அதை அதன் விருப்பம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று தொட்டிக்கு முன்னால் இருந்தபோது எனக்கு உன் நினைவு வந்தது. நீ பதினோராம் வகுப்புப் படிக்கும்போது மாமா கனடாவுக்கு வந்தார். உன் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மாமா இரவு வேலைக்குப் போவார், பகலில் நித்திரை கொள்ளுவார். அவருடைய குறட்டை சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்கும். நீ பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்குப் போய்விடுவாய், அதைப் பூட்டும்வரை வரமாட்டாய். இரண்டு வருடம். நான் சந்தித்தவர்கள் எல்லோரிடமும், "தம்பிக்குப் படிப்பெண்டால் உயிர், லைப்ரரியாலை வீட்டை வரமாட்டான்" என்று பெருமையாகச் சொன்னேன். நீ ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. முறைப்பாடு இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இதை நான் உன்னிடம் இதற்குமுன் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அது என்னுடைய பிழை.

நீ ஒருமுறை வேலைத்தலத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாள் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாய். சிக்லிட்டுகளை நெருக்கமாக விட்டால் சண்டை குறையும், எந்த ஒன்றும் தனக்கென்று இடம் பிடிக்காது என்று அதில் இருந்தது. "பாருங்கோ அப்பா, நீங்கள் சொல்லுறது பிழை. இதை எழுதினவர் இருபது வருசமா மீன் வளக்கிறவர்" என்றாய். நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் நாற்பது வருடம் வளர்க்கட்டும். நெருக்கி விட்டால் சண்டை குறையும்தான். ஏனென்றால் ஒருவருக்கும் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அது தோற்றுப்போய் நிற்பது; சமாதானம் அல்ல. இரண்டு அறை அபார்ட்மென்றில் நாலு பேர், ஆறு பேர் என்று சண்டையில்லாமல் இருந்த வீடுகளை இந்த நகரத்தில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் அதில் ஒன்று.

தங்கமீனின் வாலைப் பார்த்த அந்தக் கிழமை நான் செய்யவேண்டியதைச் செய்தேன். ஏஞ்சல் மீன்களைக் கடைக்குக் கொடுத்தேன். கற்களை எல்லாம் வெளியே எடுத்து வேறு மாதிரி அடுக்கினேன். புதிய மீன் விட முதல் அப்படிச் செய்ய வேண்டும்; பழையவர்களுக்கும் இடம் புதிதாக இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிவந்தவர்கள் ஆகிவிடுவார்கள். மேலே ஓடுவதற்கு வானவில் மீன் ஐந்து, அடியில் ஒரு கெளிறு. பிறகு தங்கமீனை வாளியில் போட்டு, மூடி கட்டி, இரண்டு பஸ் மாறி ஒஷாவாவுக்குக் கொண்டுபோனேன். மாமா கதவைத் திறந்தார். வாளியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"தந்த சாமானை ஆரும் திருப்பித் தருவினமோ அத்தான்?"

"அது அங்கை சந்தோசமா இல்லை."

"மீனுக்குச் சந்தோசமோ? அக்காவும் இதுக்குச் சம்மதமோ?"

"அக்கா வாளியை மட்டும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னவ."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். கோபத்தோடே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தேடியெடுத்துத் தண்ணீர் பிடித்து மீனை விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. நடுவில் வந்து நின்றது. அது நடுவில் நின்றதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது நான் அவருக்கு ஹீற்றர் விசயத்தைச் சொன்னேன். சொன்ன கையோடு உன் அறையைப் பற்றியும் சொன்னேன். தம்பியை இரண்டு வருடம் அப்படி வைத்திருந்துவிட்டேன் என்றேன். மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத்தான், நான் மட்டும் அந்த அறையிலை விரும்பியோ இருந்தனான்? என்ரை சிநேகிதன் ஒருத்தன் மூண்டாம் மாதமே தன்னோடை வந்து இருக்கச் சொல்லிக் கேட்டவன். போறன் எண்டால் நீங்கள் கோவிப்பியள், எங்கடை வீட்டிலை என்ன குறை கண்டவன் எண்டு அக்கா அழுவா எண்டு பயந்துதான் கிடந்தன். தம்பி புத்தகப் பையோடை வந்து கதவடியிலை நிண்டு எட்டிப் பாப்பான். நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். அவன் திரும்பிப் போயிடுவான். எனக்கு வெக்கமா இருக்கும்."

இப்போது நினைத்துப் பார். போ என்று சொன்னால் மரியாதையில்லை என்று நான் சொல்லவில்லை. போகிறேன் என்று சொன்னால் மரியாதையில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இடமில்லை என்று சொன்னால் மரியாதையில்லை என்று நீ சொல்லவில்லை. மூன்று பேரும் ஆளுக்காள் மரியாதை கொடுத்து, ஒருவருக்கும் பிடிக்காத ஒரு ஏற்பாட்டை இரண்டு வருடம் காப்பாற்றினோம். மாமா அதன்பிறகு இரண்டு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. மூன்றாம் மாதம் தொலைபேசி எடுத்து, "அத்தான், மீன் கொழுத்துப்போச்சு, வாலும் முளைக்குது, வந்து பாருங்கோ" என்றார். போய்ப் பார்த்தோம். உண்மைதான். இன்றைக்கு அவரும் நானும் முன்னரைவிட நல்லாக இருக்கிறோம்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாய். நல்ல வீடு. உன் வயதில் என்னிடம் ஒரு கோட்டும் இரண்டு சோடிச் சப்பாத்தும் இருந்தன; நீ வீடு வாங்கியிருக்கிறாய். பேஸ்மென்றைத் திறந்து காட்டினாய். தனிக் குளியலறை, தனி வாசல், புது விரிப்பு. "அப்பா, இந்தச் சுவரோடை உங்கடை தொட்டியை வைக்கலாம்" என்றாய். உண்மையைச் சொல்லுகிறேன், அந்தச் சுவரின் நீளத்தை நான் காலடியால் அளந்தேன். ஆறடித் தொட்டி வைக்கலாம். நீ கேட்ட அந்த இடத்திலேயே ஓம், வருகிறோம் என்று வாய்வரை வந்தது. அப்போது வதனி படியின் கீழ்த்தட்டில் நின்றாள். வெளிச்சம் போடுகிற சுவிச்சில் கை வைத்தபடி நின்றாள். திரும்பி வரும்போது காரில் நான் உன்னிடம் கேட்டேன், வதனி என்ன நினைக்கிறாள் என்று.

"அவவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அப்பா. நான் சொன்னனான், அவ ஒண்டும் சொல்லேல்லை."

நீ கேட்கவில்லை. சொல்லியிருக்கிறாய். நான் பெற்ற பிள்ளைதான் நீ, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் கேட்டேன், "உமக்குப் போக விருப்பமோ?" என்று.

"தம்பி ஆசையாக் கேட்டுப்போட்டான். எப்பிடி மாட்டம் எண்டுறது?"

"நான் அதைக் கேக்கேல்லை. உமக்கு விருப்பமோ?"

"ஊர் என்ன சொல்லும்? ஒரே பிள்ளை, தாய் தேப்பனை அபார்ட்மென்றிலை விட்டிட்டான் எண்டு..."

"இஞ்சாரும், ஊர் அந்தப் படியாலை ஏறி இறங்கப் போறேல்லை. உமக்கு விருப்பமோ இல்லையோ?"

முப்பது வருடத்தில் நான் அவரிடம் ஒரே கேள்வியை மூன்றுதரம் கேட்டது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். அவர் கட்டிலில் இருந்தார். பிறகு சொன்னார்: "சமைக்க ஒரு குசினிதானே. நான் நிண்டால் அந்தப் பிள்ளை எங்கை நிப்பாள்? அவள் உப்புக் கூடப் போட்டால் நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன், எனக்கு என்னைத் தெரியும். அங்கை கடைக்குப் போறதெண்டாலும் காருக்குக் காத்து நிக்கவேணும். இஞ்சை நான் நினைச்ச நேரம் பஸ் எடுப்பன். கீழ்மாடியிலை ரெண்டு பேர் இருக்கினம் கதைக்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்றவுணர்வு இருந்தது, கூடவே எத்தனையோ வருடமாக நான் காணாத ஒரு தெளிவும் இருந்தது. உன்னில் பாசம் குறைந்து சொல்லவில்லை. அதை நீ விளங்கிக்கொள்ளாவிட்டால் நான் வந்து விளங்கவைப்பேன்.

ஆகவே பதில் இதுதான். நாங்கள் வரவில்லை. நேற்று இந்த வாடகை அபார்ட்மென்றுக்கான லீஸ் தாள் வந்தது, இன்னும் ஒரு வருடத்துக்கு. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தேன். நான் இரண்டாம் பக்கம் திருப்ப முதல் அம்மா பேனையை எடுத்துத் தன் பெயரைக் கீழே எழுதிவிட்டார். தமிழில், முழுப்பெயர். பிறகு நான் எழுதினேன். ஆறடித் தொட்டி கிடைக்காதது எனக்குக் கவலைதான், மறைக்கமாட்டேன். அது ஒரு மனிதன் தாங்கக்கூடிய கவலை.

நீயும் வதனியும் முதலில் அந்த வீட்டுக்குள் போய் உங்கள் கற்களை நீங்கள் அடுக்குங்கள். யாருக்கு எந்த மூலை வேண்டும், யாருக்குச் சத்தம் பிடிக்காது, யாருக்குத் தனியே இருக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கேட்டு அறிந்துகொள். வாயால் கேள். பதில் வரும்வரை கேள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள். ஐந்து வருடம் கழித்து, நான் படி ஏறமுடியாமல் போனபிறகு, இதே கேள்வியை மறுபடி கேட்க நினைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்கள். நான் என்ன சொல்லுவேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வாருங்கள். லீஸைப் பற்றி அம்மாவிடம் எதுவும் கேட்காதே, அழுதுவிடுவார். சனிக்கிழமை பின்னேரம் அவர் உனக்குத் தொலைபேசி எடுத்து என்ன சமைக்க என்று கேட்பார். எதெண்டாலும் பரவாயில்லை என்று சொல்லாதே. உனக்கு என்ன சாப்பிட ஆசையோ அதைச் சொல். பிறகு ரிசீவரை வதனியிடம் கொடு.

அப்பா